சான்யாவின் கொடியில் ஊதாக் கோட்டுகள்

அன்பு மகள் ஷுவாங்குக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் அப்பா அப்பா என்று குறுக்கே வருவாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன், பத்தொன்பது வருடமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன். செங்டுவில் நீயும் மாப்பிள்ளை ரானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள், வாந்தி நின்று நாலு வாய் சாப்பிடுகிறாய் என்று போன வாரம் சொன்னாய், அது ஒரு நிம்மதி. இங்கே ஜியாமுஸியில் எனக்கும் குறை ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் பனி விழப்போகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறது. ஊர் வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடு அனுப்பும் எங்கள் நிலையத்தில் அக்டோபர் பாதியில் கொதிகலன்களைப் பற்றவைத்தாயிற்று. மூன்றாவது பம்பு வழக்கம்போல முனகுகிறது, மாற்றச் சொல்லி ஆறு வருடமாக எழுதிக் கொடுக்கிறேன், துணைத்தலைவர் கோங் அந்தக் காகிதங்களைத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். நான் வரைந்த குழாய் வரைபடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு துணைத்தலைவர் ஆனவருக்கு பம்பு முனகுவது எங்கே கேட்கப்போகிறது. கீழ் வீட்டுக்காரர்கள் முட்டைக்கோஸை ஊறப்போட்ட ஜாடிகளை இந்த வருடமும் நம் மாடிப்படியில்தான் வைத்திருக்கிறார்கள், நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

தெற்குத் தீவில் இருக்கும் சான்யாவுக்குப் போக நீ அனுப்பிய திட்டத்தை மூன்று முறை படித்தேன். ஐந்து நாள் எதுவும் செய்யாமல் இருப்பதற்கு நான்கு பக்க அட்டவணை போட்டிருக்கிறாய், அது நிச்சயம் மாப்பிள்ளையின் வேலை. ஒரு நாளைக்கு ஒரு கடற்கரை, அதற்கு மேல் கூடாது, காலை பத்து மணி வரை யாரும் யாரையும் எழுப்பக் கூடாது, மதியம் இளநீரில் வேகவைத்த கோழி, சாயங்காலம் சந்தையில் மீன் வாங்கிப் பக்கத்துக் கடையில் சமைக்கக் கொடுப்பது, பூங்காவில் குளிருக்குத் தப்பி வந்த நம் வடகிழக்குக் கிழவர்கள் அக்கார்டியன் வாசிப்பதைப் பார்ப்பது, திரும்ப வந்து தூங்குவது. ஐந்து மாத வயிற்றோடு ஓடியாடக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு இது சரியாகத்தான் இருக்கிறது. எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டாய். மாப்பிள்ளை போனை வாங்கி, "மாமா, ஜனவரில அங்க மைனஸ் இருபத்தஞ்சுல என்ன பண்ணப்போறீங்க, பெட்டில வெறும் அரைக்கால் சட்டை மட்டும் எடுத்துட்டு வாங்க, உங்க முழங்கால் வெளிச்சத்தப் பாக்கட்டும்" என்றார். அவர் நல்லவர்தான். காரம் அதிகம் போடுகிறார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்குக் குறை கிடையாது, என் பட்டியலில் குறை இல்லாதவர்கள் மிகக் குறைவு என்பது உனக்கே தெரியும்.

ஆனால் தங்கும் இடத்தைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றைக்கு என் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். தாதொங்ஹாய் கடற்கரைக்குப் பின்னால் சந்துக்குள் ஒரு மூன்று மாடி வீடு, ஒரு அம்மாள் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறாள், நம் பக்கத்துப் பேச்சு. நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "அப்பா, அந்த அத்தை முப்பது டிகிரி வெயில்ல பஞ்சுக் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. வீடியோவுல பாத்துட்டு இவர் சிரிப்ப அடக்க முடியாம எந்திரிச்சு ஓடிட்டார். முன்பணம் வேணாம்னுட்டாங்க. என் பேரக் கேட்டாங்க, எந்த ஊருன்னு கேட்டாங்க. வடக்கப் பாத்த ரூம் உனக்குன்னு வெச்சிருக்கேன், நீ எப்ப வேணா வான்னாங்க. தூக்கத்துல இன்னும் பல்லக் கடிக்கிறியான்னு வேற கேக்கறாங்கப்பா." ஊர் அத்தைகள் எல்லாருமே இப்படித்தான், யார் பிள்ளையைப் பார்த்தாலும் பல்லையும் வயிற்றையும் விசாரிப்பார்கள் என்று சொல்லி நீயே அதை முடித்துவிட்டாய். பிறகு அந்த வீட்டு மாடியின் படத்தை அனுப்பினாய். நான் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பதில் போட்டேன். அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது. உட்கார்ந்து படி, பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கட்டும்.

உன் அம்மா வான்யீ கடலில் மூழ்கி இறக்கவில்லை. அன்றைக்கும் இறக்கவில்லை, அதற்கடுத்த வருடங்களிலும் இறக்கவில்லை. உன் கல்யாணப் பதிவுக்குக் குடும்பப் பதிவேடு கேட்டபோது நானே செங்டுவுக்குக் கொண்டு வந்து, அலுவலகத்தில் காட்டிவிட்டு, உன் கையில் தராமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன், தொலைத்துவிடுவாய் என்று சொன்னேன். அதில் அவள் பெயருள்ள தாளில் இறந்தவர்களுக்குப் போடும் முத்திரை இல்லை, அதுதான் காரணம். உனக்கு ஒன்பது வயது ஆன அந்த ஜனவரியில், அப்போது நாம் இருந்த யீச்சுனில், அவள் வேலை பார்த்த பாலர் பள்ளியில் ஆசிரியைகளை ஒரு வாரம் சான்யாவுக்குக் கூட்டிப் போனார்கள். கடலில் கால் நனைத்து, சும்மா இருந்துவிட்டு வரும் பயணம், இப்போது நீ போடுகிறாயே அதே மாதிரி. ஐந்தாம் நாள் காலை போன் செய்தாள். "இங்க ஜன்னலத் திறந்தா சூடா காத்து வருதுங்க. என் விரல் வீக்கமெல்லாம் அஞ்சே நாள்ல வத்திடுச்சு. நான் திரும்பி வரல. ஷுவாங்க அனுப்பி வையுங்க, இங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு." உன்னை அனுப்பச் சொன்னாள், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் போனை வைத்துவிட்டு, பள்ளியிலிருந்து உன்னைக் கூட்டி வந்து, அம்மா தெற்கே கடலில் போய்விட்டாள், உடம்பு கிடைக்கவில்லை என்று சொன்னேன், எந்த ஊர்க் கடல் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. அடுத்த மாதமே ஜியாமுஸிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு உன்னோடு வந்துவிட்டேன், இங்கே அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவள் கடிதங்கள் உன் பெரிய அத்தை வழியாக வந்தன, பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். ஷுவாங் தனக்கு அம்மாவே இல்லை என்று சொல்கிறாள் என்று அத்தை வழியாகவே அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அது பொய்யும் இல்லை, நீ வகுப்பில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அவள் எதற்காகப் போனாள் என்று கேட்பாய். வேறு ஆள் ஒருவனும் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். குளிருகிறது என்று போனாள். யீச்சுனில் நம் வீடு குழாய் வரிசையின் கடைசியில் இருந்தது, வெந்நீர் நம்மிடம் வருவதற்குள் வெறும் நீராகிவிடும், நடு ஜனவரியில் வீட்டுக்குள் பதினான்கு டிகிரி. அவள் விரல்கள் வெடித்து ரத்தம் கட்டும். ஊரையே சூடாக்குகிற எஞ்சினியர் வீட்டில் குளிர் என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள், அது என் காதுக்கு வந்தது. என் வீட்டுக்கு மட்டும் வால்வைத் திறந்துவிடுகிற ஆள் நான் இல்லை என்று எனக்குள் ஒரு கர்வம். குளிருகிறது என்று அவள் ஒவ்வொரு முறை சொன்னபோதும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது, இன்னொரு கோட்டு போட்டுக்கொள் என்பேன். பத்து வருடக் குடும்பத்தில் அதைத் தவிர வேறு எதையாவது அவளுக்குச் சொன்னேனா என்று இப்போது யோசித்தால் எனக்கு நினைவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, நானே பல வருடம் நம்பவில்லை. அந்த வருடம் பழைய சந்திரக் கணக்கில் பத்தாம் மாதம் முதல் நாள், இறந்தவர்களுக்குக் குளிராடை அனுப்புகிற நாளில், தெரு முழுக்க ஆட்கள் நாற்சந்தியில் காகிதத் துணி எரித்துக்கொண்டிருந்தார்கள். நீ ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, அம்மாவுக்கு யார் அனுப்புவார்கள், கடல் தண்ணீரில் அம்மாவுக்குக் குளிருமே என்று அழுதாய். பொய்யைச் சொன்னவன் அதற்குச் சோறும் போட வேண்டும், வேறு வழியில்லை. மருத்துவமனைப் பின்வாசலில் மியாவ் அக்காவின் காகிதக் கடையில் காகிதத்தில் செய்த ஒரு பஞ்சுக் கோட்டு வாங்கினேன், நிறத்தை நீதான் தேர்ந்தெடுத்தாய், ஊதா, அம்மா ஊருக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டின் நிறம் என்றாய். வீட்டுக்கு வந்து அதன் இடது பையில் மஞ்சள் வண்ணக்கோலால் ஒரு முயல் வரைந்தாய், ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. நான் பொட்டலத்தின் மேல் பெறுபவர் தோங் வான்யீ என்றும் அனுப்புபவர் கணவன் லுவான் போவென் என்றும் எழுதினேன், பெயர் இல்லாவிட்டால் வழியில் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பார்கள். நாற்சந்தியில் குச்சியால் வட்டம் போட்டேன், வட்டத்தில் வாசல் விட வேண்டும், நீ தெற்குப் பக்கம் விடச் சொன்னாய். கூப்பிடுவது பிள்ளையின் உரிமை, நீ மூன்று முறை கூப்பிட்டாய், அம்மா, துணி வந்திருக்கு, வந்து வாங்கிக்கோ என்று. தெற்கிலிருந்து முகத்தில் அறைகிற காற்று அன்றைக்கு. ஆனால் நெருப்பு காற்றை எதிர்த்துத் தெற்கு வாசல் பக்கமாகவே சாய்ந்து எரிந்தது, சாம்பல் ஒரு துகள் கூட நம் மேல் விழவில்லை. பக்கத்தில் எரித்துக்கொண்டிருந்த கிழவர் அதைப் பார்த்துவிட்டு, "வாங்கிக்கிட்டாங்கப்பா, கை நீட்டி வாங்கிக்கிட்டாங்க" என்றார். நான் வெப்பம் படித்தவன், சூட்டில் எழும் காற்றுக்கு ஆயிரம் காரணம் சொல்ல முடியும். உன் கையைப் பிடித்துக்கொண்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மதியம் எங்கள் புகார் எண்ணில் போன் எடுக்கிற பெண் என் மேசைக்கு வந்தாள். "சார், ஒரு அம்மா, வீடு குளிருதுங்கறாங்க. விலாசம் கேட்டா சான்யாங்கறாங்க. நம்ம லைன்ல சான்யா எங்க சார் வருது? உங்க பேரச் சொல்லிக் கேக்கறாங்க." எண்ணைக் கொடுத்தது உன் பெரிய அத்தையாகத்தான் இருக்க வேண்டும், அதனால்தான் இன்றுவரை அவளோடு நான் பேசுவதில்லை. வாங்கிக் காதில் வைத்தேன். வான்யீ பேசும்போது பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. "என்னங்க பண்ணீங்க? வெளில எல்லாரும் விசிறிக்கிட்டு நடக்கறாங்க, எனக்கு மட்டும் எலும்புக்குள்ள குளிருது. காலைல கண்ண முழிச்சா மேல ஒரு கோட்டு கிடக்கு, யாரு போட்டதுன்னு தெரியல. கழட்டினா குளிரு தாங்கல, போட்டா அதுக்கு மேல குளிருது." பையில் ஏதாவது படம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இன்னொரு கோட்டு போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். எனக்கு அப்போது பயம் வரவில்லை ஷுவாங், சந்தோஷம் வந்தது. வெயிலைத் தேடிப் போனவளுக்கு வெயில் கிடைக்கவில்லை என்ற சந்தோஷம். புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது, விலாசம் தவறு என்று எழுதினேன்.

அடுத்த வருடத்திலிருந்து உன்னை நாற்சந்திக்குக் கூட்டிப் போகவில்லை, குழந்தைக்குப் புகை ஆகாது என்றேன். நானே போனேன், ஒவ்வொரு வருடமும், அதே ஊதா. அப்பா இன்னும் அம்மாவை மறக்கவில்லை என்று நீ உன் தோழிகளிடம் பெருமையாகச் சொல்வாய், ரானிடமும் சொல்லியிருக்கிறாய், அவர் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மியாவ் அக்காகூடக் கிண்டல் செய்வாள், "என்ன எஞ்சினியர், இந்த வருஷமும் ஊதாவா? சம்சாரம் மேல போயும் ஒரே கலருதானா, ஒரு சிவப்பு வாங்கிக் குடுத்தா கோச்சுக்குவாங்களா?" என்று. ஒவ்வொரு வருடமும் பத்து நாள் கழித்து மதியத்தில் புகார் எண் அடிக்கும், போன் எடுக்கும் பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், சார், அந்த சான்யா அம்மா. மூன்றாம் வருடம் அவள் உன்னைப் பார்க்க ரயிலேறி ஹார்பின் வரை வந்திருக்கிறாள். ரயிலிலிருந்து இறங்க முடியவில்லை, உடம்பு விறைத்துப்போய், ரயில்காரர்கள் கம்பளியில் சுற்றி அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இங்கே எரிக்கும் கோட்டு அவளை இங்கே வரவிடாமல் செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் எரித்தேன், தெரிந்ததால் எரித்தேன். நீ ஸ்கூலில் முதல் மதிப்பெண் வாங்கி வந்த நாட்களில் என்னைத் தவிர வேறு யாரையும் நீ தேடவில்லை, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரே ஒரு வருடம் எரிக்கவில்லை. நாற்சந்திகளில் சிவப்புப் பட்டை கட்டிய ஆட்கள் நின்று யாரையும் நெருப்பு வைக்க விடாத வருடம் அது. அந்தத் தடவை பத்து நாள் ஆகவில்லை, மூன்றாம் நாளே போன் வந்தது. இத்தனை வருடமும் நிறுத்துங்கள் என்று கெஞ்சினவள், அன்றைக்கு நிதானமாக, பல்லெல்லாம் அடிக்காமல், ரேஷன் வரவில்லை என்று கேட்பதுபோலக் கேட்டாள். "இந்த வருஷம் துணி வரலியே. மத்தவங்களுக்கெல்லாம் வந்துடுச்சு." மற்றவர்கள் யார் என்று கேட்டேன். பின்னால் கடல் சத்தம்தான் கேட்டது, அது அலைபோல இல்லாமல் நிறைய பேர் பக்கத்தில் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கோபத்தில் ஒரு உயிருள்ளவளுக்கு இறந்தவளின் துணியை அனுப்பி அனுப்பி, அவளை அந்தப் பக்கத்து வரிசையில் நிற்க வைத்துவிட்டேன் என்று தோன்றியது. புரிந்த பிறகு நிறுத்தியிருக்க வேண்டும். நான் பயந்துபோய் அடுத்த வருடம் இரண்டு கோட்டுகளாக எரித்தேன்.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். மாடி, நீல வானம், தென்னை மட்டை, தூரத்தில் ஒரு துண்டுக் கடல், நீ பார்த்தது அவ்வளவுதான். அத்தை கோட்டுகளைக் காயப்போட்டிருக்கிறாள், ஊரில் எல்லார் கோட்டையும் இவளே துவைக்கிறாளா என்று கேலி செய்தாய். நான் வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கொடியில் பதினேழு, எல்லாம் ஊதா, நிழலில் ஒரு நாற்காலியில் உன் அம்மா, மேலே ஒன்று. மொத்தம் பதினெட்டு, நான் எரித்த கணக்கு. கொடியில் தொங்கும் கோட்டுகளுக்குத் தையலே இல்லை, ஒட்டின மடிப்புதான் தெரிகிறது. கடற்காற்றில் தென்னை மட்டை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கோட்டுகள் மட்டும் எதிர்ப்பக்கமாக, வடக்குப் பார்த்து விறைத்து நிற்கின்றன. கடைசியில் தொங்குகிற கோட்டின் இடது பையைப் பெரிதாக்கிப் பார். மஞ்சள் முயல் இருக்கிறது, ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. நீ வரைந்தது உனக்கு மறந்திருக்கலாம். அந்தத் தீவில் எத்தனை ஆயிரம் அறைகள் இருக்கும், எல்லாவற்றையும் விட்டு உன் விரல் அந்த வீட்டில் போய் நின்றதற்கு என் படிப்பில் விளக்கம் இல்லை.

மறுநாள் மியாவ் அக்காவிடம் போய் முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். கிண்டல் செய்யும் பெண்பிள்ளை, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசல் திரையை இழுத்துவிட்டாள். "நாப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், பேரத் தப்பா எழுதினவங்களப் பாத்திருக்கேன், வட்டத்துக்கு வாசல் விட மறந்தவங்களப் பாத்திருக்கேன். உசுரோட இருக்கிற பொண்டாட்டிக்கு எரிச்சவன இப்பத்தான் பாக்கறேன். படிச்சவன்யா நீ" என்றாள். என்ன செய்யலாம் என்று கேட்டேன். முதல் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று கேட்டாள், குழந்தை என்றேன். "அப்ப அந்தப் பொண்ணுதான் போகணும். நீ எரிக்கறத நிறுத்தினா மட்டும் ஆகாது. எந்த வாயி அந்தப் பக்கம் கூப்பிட்டுச்சோ அந்த வாயிதான் இந்தப் பக்கம் கூப்பிடணும். பகல்ல, நேருக்கு நேரா. நீ கூடப் போகாத. உன் பேரு அந்தப் பொட்டலம் எல்லாத்துலயும் இருக்கு, நீ வாசல்ல நின்னாலே அவங்களுக்குக் குளிரும்." வயிற்றுப் பிள்ளைக்காரி போகலாமா என்று கேட்டேன். பிள்ளையின் சூடு சேர்ந்து இருப்பது நல்லதுதான், ஆனால் முடிவு மகளுடையது, என்னுடையது இல்லை, இதுவரை நான் எடுத்த முடிவுகள் போதும் என்று சொன்னாள். இந்த வருடக் குளிராடை நாள் போன வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. நான் நாற்சந்திக்குப் போகவில்லை. இன்றோடு எட்டு நாள், புகார் எண் இன்னும் அடிக்கவில்லை.

ஆகவே என் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. போக வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தை முதலில் எழுத ஆரம்பித்தேன், அந்தக் காகிதத்தைக் கிழித்தாயிற்று. போவதும் போகாததும் உன் இஷ்டம். போனால் நீ என்னிடம் திரும்பி வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுதுகிறேன். போவதாக இருந்தால் காலை வெளிச்சத்தில் போ. வெளியூரில் அறைக்குள் நுழையும் முன் நம் ஆட்கள் கதவை மூன்று முறை தட்டுவார்களே, அப்படித் தட்டி, நீ யார் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போ, ரானையும் சொல்லச் சொல், சிரிக்க வேண்டாம் என்று சொல். அவள் முகத்தைப் பார்த்து அம்மா என்று கூப்பிடு, அவள் பதில் சொல்லும்வரை கூப்பிடு, நேரம் ஆகலாம். பதில் சொன்ன பிறகு கோட்டைக் கழற்றச் சொல். அங்கே கடற்கரையில் எல்லாரும் போடுகிறார்களே தென்னை மரம் அச்சடித்த அரைக்கைச் சட்டை, அதில் ஒன்று முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள், உன் காசில் வாங்கு, என் காசில் வேண்டாம், நிஜத் துணியாக இருக்க வேண்டும், அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டே போட்டுவிடு. கொடியில் இருப்பதைத் தொடாதே. அவள் பதில் சொல்லாவிட்டால் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடு, அட்டவணையில் வேறு கடற்கரைகள் இருக்கின்றன. நண்டு வேண்டாம், வயிற்றுக்கு ஆகாது. வெயிலில் ரொம்ப நேரம் உட்காராதே. மாப்பிள்ளை கோழியில் மிளகாய் கேட்பார், விடாதே.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், நான் கேட்கவில்லை. குளிருக்காக ஒரு வீட்டை விட்டுப் போனவள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். யீச்சுன் வீட்டு வால்வை நான் திறந்துவிட்டிருக்கலாம், அரை மணி நேர வேலை, அதை மட்டும் சொல். உனக்கும் மாப்பிள்ளைக்கும், பிறக்கப்போகிறதே அதற்கும், உடம்பில் நல்ல சூடும் நீண்ட ஆயுளும் இருக்கட்டும். தூங்கும்போது பாதத்தை மூடிக்கொள்.

கீழே பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்து பேனாவைத் தூக்கி வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அலுவலகக் காகிதங்களைத் தவிர நான் பெயர் போட்டு ஒருவருக்கு அனுப்பியது அந்தப் பொட்டலங்களை மட்டும்தான், ஒவ்வொன்றும் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் படத்தில் பார்த்துவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய், உன் வயிற்றிலும் ஒரு உயிர் இருக்கிறது, என் பெயர் உங்களிடம் வந்து சேர வேண்டாம். அனுப்புபவர் பெயர் எழுதும் உறையின் பின்பக்கமும் காலியாகத்தான் இருக்கும். இப்போது மணி பத்தரை, வெளியே நல்ல வெயில், பனியில் கண் கூசுகிறது. தெருமுனையில் பச்சைத் தபால் பெட்டி இருக்கிறது. கையெழுத்துப் போடாமலே இதை அதில் போட்டுவிட்டு வருகிறேன்.